பம்பின் மேல் ஊதாக் கோடு

பெட்டிக்குள் பம்பு இருந்தது. அதுதான் பிரச்சினையே.

இல்லாமல் போயிருந்தால் திருட்டு என்று ஒரே வார்த்தையில் கேஸை முடித்திருக்கலாம். இங்கேயோ ஆறு மரப்பெட்டிகள், ஆறு பம்புகள், ஒவ்வொரு பம்பின் மேலும் பெட்டியில் எழுதியிருந்த அதே எண். எல்லாம் அச்சு அசலாகச் சரி. ஒரே ஒரு சின்னக் குறை. புத்தம் புதிதாக இருக்க வேண்டிய ஆறும் தேய்ந்து ஓய்ந்துபோன கிழட்டுப் பம்புகள்.

"மாப்பிள்ளை போட்டோவைக் காட்டிட்டு, மணமேடையில மாப்பிள்ளையோட தாத்தாவை உட்கார வெச்ச மாதிரி இருக்கு மேடம்," என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி," என்றார் மேடம்.

மேடம் முன்பு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். செத்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் நிஜமாகவே செத்துவிட்டார்களா என்று விசாரிப்பதுதான் வேலை. மூன்று பிணங்களை உயிரோடு பிடித்திருக்கிறார். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் அலுவலகம் தொடங்கி, என்னை உதவியாளனாக வைத்துக்கொண்டார். என்னை அவர் கூப்பிடுவது 'வாயாடி' என்று. காரணம் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அப்போது காலை பதினோரு மணி. நாங்கள் நின்றிருந்தது விமானப்படைத் தளத்தின் உதிரிபாகக் கிடங்கில். கூரை வரை இரும்பு அலமாரிகள், அலமாரி முழுக்கப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு. சீட்டு இல்லாமல் அங்கே ஒரு கரப்பான்பூச்சிகூட நடமாட முடியாது. பதினெட்டு வருடமாக இந்த ராஜ்யத்தை ஆண்டு வந்தவர் கிடங்கு அக்கா. தளத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். போன வாரம் தணிக்கை அதிகாரி வந்து பெட்டிகளைத் திறக்கும் வரைக்கும் ராஜ்யம் நன்றாகத்தான் இருந்தது.

"புதுசை வெளியில வித்துட்டு, எண் பலகையை மட்டும் கழட்டிப் பழசுல மாட்டி வெச்சுட்டேனாம்," என்றார் அக்கா. பொருட்களைத் தொடுவதற்கான வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட கைகளால் ஒரு பெட்டியின் சீட்டை நேராக்கினார். "ஒரு வாஷர் குறைஞ்சாலே எனக்குச் சோறு இறங்காது மேடம். என்னைப் போய் திருடிங்கறாங்க. மூணு மணிக்கு விசாரணை. வாசல்ல போலீஸ் ஜீப்புக்குக்கூட சொல்லி வெச்சுட்டாங்களாம்."

குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கம் பேச வெளியாள் ஒருவரைக் கூட்டி வரலாம் என்று தளத்து விதிப் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அக்காதான். அந்த விதியின் புண்ணியத்தில் எங்கள் கழுத்தில் அனுமதி அட்டை தொங்கியது.

"இந்த பம்பு என்ன வேலை செய்யும்?" என்று மேடம் கேட்டார்.

"எருமையோட சக்கரத்தை இறக்கும்."

நான் டார்ச்சைத் தவறவிடப் பார்த்தேன். எருமை என்பது விமானத்தின் செல்லப்பெயராம். தரையை ஒட்டித் தாழப் பறந்து எதிரியின் டாங்கிகளை அடிக்கும் பழைய ரக விமானம், பார்க்கவும் கனத்த உடம்பாக இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அதைச் செய்த தொழிற்சாலையை இழுத்து மூடி வருடங்கள் ஆகிவிட்டன. இந்தப் பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளினால்தான் சக்கரம் கீழே வரும். தள்ளாவிட்டால் எருமை வயிற்றால் தரையிறங்க வேண்டியதுதான். புதுப் பம்பு என்று மிச்சம் இருந்தவை இந்த ஆறுதான். அவற்றுக்கு 'யுத்த இருப்பு' என்று பெயர். யுத்தம் வந்தாலொழிய யாரும் தொடக்கூடாது.

மேடம் ஒரு கிழட்டுப் பம்பைத் தூக்கி மேஜையில் வைத்தார். ஒன்பது கிலோ. மெழுகுக் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே துடைத்துப் பளபளவென்று எண்ணெய் தடவியிருந்தது. திறந்த வாய்களுக்கெல்லாம் மூடி போட்டிருந்தது. ஈரம் உறிஞ்சும் பொட்டலம்கூடப் புதிதாக இருந்தது.

"வாயாடி, நீ திருடன்னு வெச்சுக்க."

"வெச்சுக்கிட்டேன் மேடம். சம்பளத்தைவிட அதுல நல்லாவே வரும்."

"புதுசை எடுத்துட்டு குப்பையைப் பெட்டியில போடறே. அந்தக் குப்பையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, போர்வை போத்தித் தூங்க வைப்பியா?"

"ஒரு உதை உதைச்சு உள்ள தள்ளிட்டு ஓடிடுவேன்."

"அதான். இவன் ஓடலை. நின்னு நிதானமாத் தாலாட்டியிருக்கான்."

அவர் பூதக்கண்ணாடியை எண் பலகைக்கு மேல் கொண்டுபோனார். தகடை இரண்டு பொடி ஸ்குருக்கள் பிடித்திருந்தன. ஒவ்வொரு ஸ்குருவின் தலையிலிருந்தும் பக்கத்து உலோகத்துக்கு மயிரிழையாக ஒரு ஊதா நிறக் கோடு ஓடியது.

"அக்கா, ஸ்குரு மேல கோடு போடுவாங்களா?" என்று தலையைத் திருப்பாமலே கேட்டார்.

அலமாரிப் பக்கம் நின்றிருந்த அக்கா சொன்னார்: "மெக்கானிக்குங்க போடுவாங்க. ஸ்குருவை முறுக்கி முடிச்சதும் அதையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து ஒரு கோடு. ஸ்குரு துளி தளர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்."

"தொழிற்சாலையில?"

"எண் பலகைக்கா? அதுக்கு யார் மெனக்கெடுவா?"

நான் குனிந்து பார்த்தேன். வெளிச்சத்தில் கோடு மினுங்கியது. என் மூளைக்குள் ஒரு மணி அடித்தது. "மேடம், இது பெயின்ட் இல்ல. நெயில்பா..."

மேடம் என் காலை ஓங்கி மிதித்தார். வெளியே சொல்லாதே என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் ரகசியக் குறியீடு எல்லாம் இப்படிக் காலில்தான்.

வெளி வராந்தாவுக்கு வந்ததும் வலியோடு சொன்னேன். "ஜிகினா கலந்த ஊதா நெயில்பாலிஷ். எனக்கு மூணு அக்கா மேடம். பத்து வயசுலேர்ந்து கடைக்குப் போய் கலர் மாத்திக் கொடுக்கறதே என் பிழைப்பா இருந்துச்சு. இதுல நான் பட்டம் வாங்காத டாக்டர்."

"நல்லாப் படிச்சிருக்கே," என்றார் மேடம், முகத்தைச் சுளிக்காமல். அவர் வாழ்நாளில் நகத்துக்குச் செய்த ஒரே அலங்காரம் வெட்டுவதுதான்.

கிடங்கு வாசலில் ஒரு பெரிய தராசு. அதன் பின்னால் ஒரு காவலர். உள்ளே போகிற பையையும் வெளியே வருகிற பையையும் எடை போட்டு எழுதுவது அவர் வேலை.

"ஒரு ஸ்பூன் கூட வெளிய போக முடியாதுங்க," என்று மார் தட்டினார். "இந்த வருஷம் முழுக்கப் பாருங்க. உள்ள போன எடை, வெளிய வந்த எடை, கிராம் பிசகலை. தணிக்கைக்காரரே அசந்து போயிட்டாரு."

"அக்காவோட பை?"

காவலரின் மார் கொஞ்சம் உள்வாங்கியது. "பொறுப்பாளரை எடை போடற வழக்கம் இல்லைங்க. அதனாலதான் அவங்க மேல சந்தேகம். வேற யாரும் எடுத்திருக்கவே முடியாதே."

மேடம் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் ஒரு இடத்தில் நின்றார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். மூன்றாவது பிணம் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது சிரித்தாரே, அதே சிரிப்பு.

"என்ன மேடம்?"

"கிராம் பிசகலையாம்! எவ்வளவு அழகு!" என்று நோட்டை அணைத்துக்கொண்டு நடந்தார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. அவர் கையில் இருந்தால் எல்லா நோட்டும் நகைச்சுவைப் புத்தகம்தான்.

அடுத்து விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹாங்கர். உள்ளே ஆறு எருமைகள் வரிசையாக நின்றன. அந்த வாரம் முழுக்கத் தாழப் பறக்கும் பயிற்சி. அன்று மாலை நான்கு மணியோடு முடிகிறது. இரண்டு மணிக்கு ஆறும் கிளம்ப வேண்டும் என்பதால் மெக்கானிக்குகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களைப் பார்த்ததும் தலைமை மெக்கானிக் ஓடி வந்தார். கிடங்கு அக்காவின் கணவர். ஒரு வாரமாகத் தூங்காத கண்கள்.

"எப்படியாவது அவளைக் காப்பாத்துங்க மேடம். அவ ஒரு பாவமும் அறியாதவ," என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. எனக்கு அவர் மேல் ரொம்பப் பாவமாகிவிட்டது.

"ஸ்குரு மேல கோடு போடறீங்களே, அதுக்கு என்ன பெயின்ட்?" என்று மேடம் கேட்டார்.

அவர் அசடு வழிந்தார். "அதுக்குன்னு ஒரு பெயின்ட் இருக்குங்க. ரெண்டு வருஷமா சப்ளை இல்லை. அதனால நெயில்பாலிஷ்தான் போடறோம். நல்லாவே பிடிக்குது. ஆளுக்கு ஒரு கலர். எந்த ஸ்குருவை எந்தக் கை முறுக்கிச்சுன்னு பார்த்ததும் தெரிஞ்சுடும்."

சுவரில் அட்டை மாட்டியிருந்தது. பெயருக்கு நேரே கலர். மீசையை முறுக்கி விட்டிருந்த ஒரு முரட்டு மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து ரோஸ் நிறக் குப்பியை எடுத்துக் காட்டினார். இன்னொருவர் தக்காளிச் சிவப்பு. ஒருவர் பச்சை. தலைமை மெக்கானிக்குக்கு வெள்ளை. நான் அட்டையை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன்.

"ஊதா யாருக்கு?" என்றேன்.

"யாருக்கும் இல்லைங்க," என்றார் ரோஸ் மீசை. "ஊதா நல்லா இருக்காது."

ரசனை உள்ள மனிதர். மேடமோ அட்டையை விட்டுவிட்டு, இறக்கை நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு விமானியிடம் போயிருந்தார். மூன்றாம் எண் எருமையை ஓட்டுகிறவர். சிரித்தால் முன்பல் பாதிதான் தெரிந்தது.

"பல்லுக்கு என்ன ஆச்சு தம்பி?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி சக்கரம் இறங்கலைங்க. வயித்தால வந்து இறங்கினேன். நான் தப்பிச்சேன், பல்லு தப்பிக்கலை." அவர் அதை ஏதோ சைக்கிளில் விழுந்த மாதிரிச் சொன்னார். "அப்பல்லாம் லீவரை இழுத்துட்டு பன்னெண்டு வரைக்கும் எண்ணணும். சில நாள் இருபது. எண்ணும்போது தெரிஞ்ச சாமியெல்லாம் வரிசையா வந்துட்டுப் போகும். இப்ப ஒரு மாசமா பிரமாதம். நாலு எண்ணறதுக்குள்ள டப்புனு இறங்கிடுது. எங்க ஆறு பேருக்குமே அப்படித்தான். எருமைக்கு இளமை திரும்பிடுச்சு!"

எங்கோ பின்னால் ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்து கணீரென்றது. மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. விமானியிடம் ரொம்ப நன்றி என்றார். எதற்கு நன்றி என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு அக்காவோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா கையுறையைக் கழற்றினார்.

பத்து விரல் நகமும் ஊதா. ஜிகினா கலந்த ஊதா.

மேடமை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "முடிஞ்சுது மேடம். நம்ம கட்சிக்காரிதான் குற்றவாளி. ஃபீஸை வாங்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா..."

"நகத்தைப் பார்த்தேன்."

"பார்த்தும் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கறீங்களா?"

"பசிக்குதுடா. மூணு மணிக்கு வேலை இருக்கு. போய் கடையில இதே கலர்ல ஒரு குப்பி வாங்கிட்டு வா. அப்புறம் ஒரு ஸ்குரு."

மூன்று மணிக்கு விசாரணை அறை நிரம்பியிருந்தது. நீள மேஜையின் நடுவில் தளத்தின் கமாண்டர். பக்கத்தில் தணிக்கை அதிகாரி. எதிரே அக்கா. சுவரோரமாகத் தலைமை மெக்கானிக், சட்டைப்பையில் மடித்த ஒரு காகிதம். ஆறு எருமைகளும் அப்போது வானத்தில் இருந்தன. தூரத்தில் அவற்றின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

தணிக்கை அதிகாரி எழுந்தார். மெலிந்த மனிதர், ஆனால் கண் கூர்மை. நாங்கள் கண்டுபிடித்ததை அவரும் கண்டுபிடித்திருந்தார்.

"எண் பலகையை மாத்தின ஸ்குருவுல ஊதா நிறத்துல ஒரு பூச்சு இருக்கு சார். சோதனைக்கு அனுப்பினேன். நெயில்பாலிஷ். ஹாங்கர்ல யாருக்கும் அந்தக் கலர் கிடையாது." அக்காவைப் பார்த்தார். "அம்மா, கையுறையைக் கழட்டிட்டுக் கையை நீட்டுங்க."

அக்கா நீட்டினார். அறை முழுக்க ஒரே முணுமுணுப்பு. அக்காவுக்குத் தன் நகமே தன்னைக் காட்டிக் கொடுக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போய் கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கமாண்டர் மேடமைக் கேட்டார்.

"சொல்லலை சார், வரையச் சொல்றேன்." மேடம் ஒரு இரும்புத் தட்டையும், அதில் முறுக்கிய ஸ்குருவையும், நான் வாங்கி வந்த குப்பியையும் அக்காவின் முன் வைத்தார். "அக்கா, யோசிக்காதீங்க. இந்த ஸ்குருவுக்கு பாலிஷ் போடுங்க."

அக்கா புரியாமல் விழித்தபடி தூரிகையை எடுத்தார். ஸ்குருவின் தலையில் நடுவில் ஒரு இழுப்பு, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ஓரத்தில் வழிந்ததைச் சுண்டுவிரலால் சுத்தமாக வழித்தார். பிறகு, பழக்கதோஷம், குனிந்து ஊதினார்.

ஸ்குரு கல்யாணத்துக்குக் கிளம்பிய பெண்ணின் நகம் போல ஜொலித்தது. அறையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"இதுதான் இந்தப் பாலிஷோட சொந்தக்காரி போடற லட்சணம்," என்றார் மேடம். "பம்புல இருக்கறது ஒத்தைக் கோடு. தலையிலேர்ந்து பக்கத்து இரும்புக்கு. அப்படிப் போடறது மெக்கானிக் கை. குப்பி அக்காவோடது. கை வேற ஆளோடது."

"நடிக்கிறாங்க," என்றார் தணிக்கை அதிகாரி. "எந்த மெக்கானிக்கும் ஒரு பம்பை வெளிய கொண்டு போயிருக்க முடியாது. தராசு நோட்டு இருக்கு. எடை பிசகவே இல்லை."

"அதான் சார் அழகு!" மேடம் நோட்டைப் பிரித்தார். "ஆறு நாள். ஒவ்வொரு நாளும் மதியம் ஒரே கருவிப்பை. மத்த நாளெல்லாம் அந்தப் பை நாலு கிலோ. இந்த ஆறு நாளும் உள்ள போகும்போது பதிமூணு, வெளிய வரும்போது பதிமூணு. ஒன்பது கிலோ பழசு உள்ள போச்சு, ஒன்பது கிலோ புதுசு வெளிய வந்துச்சு. தராசு என்ன பண்ணும் பாவம்? அதுக்கு வயசு பார்க்கத் தெரியாதே!"

"யாரோட பை?" கமாண்டரின் குரல் உயர்ந்தது.

மேடம் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுவரோரமாக நின்றிருந்த தலைமை மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தார்.

"என்னோடது சார். மதியம் அவகூடத்தான் உள்ள உட்கார்ந்து சாப்பிடுவேன். அவ பாத்திரம் கழுவ வெளிய குழாய்க்குப் போவா. அந்த நேரத்துல மாத்தினேன்."

அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. எனக்கே பயமாக இருந்தது.

"எங்கே வித்தே? யாருக்கு வித்தே?" என்று தணிக்கை அதிகாரி மேஜையைத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கூரைக்கு மேல் ஆறு எருமைகளும் தாழப் பறந்து போயின. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது, மேஜையில் தண்ணீர் டம்ளர் நடந்து ஓரத்துக்கு வந்தது. சத்தம் அடங்கும் வரை மேடம் விரலை மேலே காட்டியபடியே நின்றார்.

"இப்பதான் போச்சு சார். ஆறும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்னிரண்டு எண்ணிய விமானி இப்போது நாலு எண்ணுகிறார்! எருமைக்கு இளமை திரும்பவில்லை, பம்புக்குத்தான் திரும்பியிருக்கிறது. பம்புகள் தளத்தை விட்டுப் போகவே இல்லை.

"பழசு ஆறும் கசிஞ்சுது சார்," என்றார் மெக்கானிக். "ஒரு பையன் பல்லைக் கொடுத்துட்டுத் தப்பிச்சான். அடுத்தவன் தப்பிப்பான்னு என்ன உறுதி? ஆறு தடவை எழுதிக் கேட்டேன். யுத்த இருப்பு, தொடக்கூடாதுன்னு ஆறு தடவையும் திரும்பி வந்துச்சு. விமானக் குறிப்பேட்டுல எண் மாறக்கூடாதுன்னு பலகையையும் மாத்தினேன். புதுசுக்கு அழுக்கு பூசினேன், பழசுக்கு மெருகு போட்டேன். பயிற்சி முடிஞ்சு நாலு மணிக்குப் பசங்க இறங்கினதும் சொல்லிடலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா பம்பைக் கழட்டிடுவீங்க." சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அந்த ஊதா எதுக்கு?" என்று நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"என் வெள்ளையைப் போட்டா நான்தான்னு தெரிஞ்சுடுமே. அதான் வீட்டு அலமாரியில இருந்த குப்பியை எடுத்தேன். அது இவ தலையை உருட்டும்னு எனக்குத் தோணவே இல்லை."

"கோடே போடாம விட்டிருக்கலாமேய்யா!"

அவர் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஸ்குருவை முறுக்கிட்டுக் கோடு போடாம விடறதா? அது எப்படிங்க முடியும்?"

கமாண்டர் ரேடியோவை எடுத்தார். முகம் சிவந்திருந்தது. "யுத்த இருப்பைத் தொட்டிருக்கே. விமானங்களை உடனே இறக்கச் சொல்றேன். இன்னிக்கே ஆறு பம்பையும் கழட்டிப் பெட்டியில வைக்கணும்."

"வெச்சுட்டு எதை மாட்டுவீங்க சார்?"

கேட்டது அக்கா. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"கிடங்குல வேற பம்பு இல்லை. என் கணக்குல இருக்கறது இந்த ஆறு பழசுதான். இதை மாட்டித்தான் பசங்களை அனுப்பணும். அப்படி அனுப்பறதா இருந்தா எழுத்துல உத்தரவு கொடுங்க, நான் இப்பவே எடுத்துத் தர்றேன்." அக்கா கைப்பையைத் திறந்து ஒரு படிவக் கட்டை எடுத்தார். பெரும் கள்ளி என்று அழைத்து வரப்பட்டவர் வெற்றுப் படிவத்தோடுதான் வந்திருக்கிறார்! "அவர் கேட்ட ஆறு தடவையும் விதிப்படி முடியாதுன்னு எழுதினது நான்தான் சார். கீழ கையெழுத்துப் போட்டது நீங்க. அவசர ஆபத்துன்னா கமாண்டர் இருப்பைத் திறக்கலாம்னு அதே விதிக்கு அடியில சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு. எனக்கு அது தெரியும். அந்தப் பையன் வயித்தால இறங்கினப்பவே நான் அதை உங்ககிட்ட காட்டியிருக்கணும். காட்டலை. இப்பக் காட்டறேன்."

ஆறு படிவங்களையும் நிரப்பினார். ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் இல்லை. இன்றைய தேதியைப் போட்டு, கமாண்டர் பக்கம் நகர்த்தினார்.

கமாண்டர் ஒரு கையில் ரேடியோவோடும் எதிரே படிவத்தோடும் உட்கார்ந்திருந்தார். மீண்டும் உறுமல் நெருங்கியது. இந்த முறை பயிற்சி முடிந்து விமானங்கள் ஓடுபாதைப் பக்கம் திரும்பின. அவர் ஜன்னல் வழியாக முதல் எருமையைப் பார்த்தார். அதன் சக்கரங்கள் ஒரு தயக்கமும் இல்லாமல் கீழே வந்தன. ரேடியோவைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ஆறு கையெழுத்து.

"திருட்டு இல்லை. பொருள் முறைப்படி வழங்கப்பட்டிருக்கு," என்றார் தணிக்கை அதிகாரியைப் பார்த்து. பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார். "ஆனா உன்னை நான் விடறதா இல்லை. மூணு மாசம் ஹாங்கர் பக்கமே போகக்கூடாது. கிடங்குல வேலை. பொறுப்பாளருக்குக் கீழ."

தலைமை மெக்கானிக் முழி பிதுங்க மனைவியைப் பார்த்தார். "சார்... அந்த போலீஸ் ஜீப் இன்னும் வாசல்ல நிக்குதா சார்?"

அறையே அதிர்ந்தது. தணிக்கை அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். ரொம்ப நாள் பூட்டி வைத்த சிரிப்பு போல, கீச்சென்று வந்தது.

வெளியே வராந்தாவில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையைப் பார்த்து நின்றார். ஒவ்வொரு விமானமாக இறங்கியது. மூன்றாவது இறங்கியபோது பாதிப் பல் விமானி கண்ணாடிக்குள்ளிருந்து யாருக்கோ கை காட்டினார். ஆறாவதும் தரையைத் தொட்டு ஓடி நின்றது. ஒரு வாரமாகத் திருடி என்று கேட்டும் அழாதவர் அப்போது அழுதார்.

கணவர் இரண்டடி தள்ளி நின்றார். பக்கத்தில் போகத் தைரியம் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?" என்றார் அக்கா.

"ஆறு தடவை கேட்டேனே."

"அது கவுன்டர்ல. வீட்டுல கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நேர்மையான மனுஷி. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"மாட்டேன்," என்றார். சொல்லிவிட்டு, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையை எட்டி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.